பல் மஞ்சளாகாத கிணறு

அத்தியாயம் 6

குப்பைகூட என்றைக்காவது ஒருநாள் மட்கிவிடும், குப்பையைப் பற்றிய சொற்பொழிவு மட்கவே மட்காது என்கிற உண்மை, மேலாளர் வீரமணி சுவரில் முப்பத்தெட்டாவது படத்தைப் போட்டபோது ஜேக்கப்புக்குப் புலப்பட்டது.

"ஜீரோ லீக்கேஜ்!" என்றார் வீரமணி. தலையில் வெள்ளை ஹெல்மெட். அறையோ ஏ.சி. அறை. தலையில் விழுவதற்கு அங்கே அவருடைய பேச்சைத் தவிர வேறொன்றும் இல்லை. "குப்பைக்கு அடியில மூணு அடுக்கு ஷீட் விரிச்சிருக்கோம். சுத்தி நாலு கண்காணிப்புக் கிணறு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை வெளி லேப்ல இருந்து ஆள் வந்து தண்ணி எடுத்து டெஸ்ட் பண்றாங்க. ஒரு சொட்டு கசிஞ்சாலும் கிணறு காட்டிக் கொடுத்துடும். வருஷம் ஒண்ணாச்சு, காட்டிக் கொடுக்கலையே மேடம்?"

மேடம் உட்காரவில்லை. துப்பறியும் கலைமதிக்கு நாற்காலி ஆகாது. பன்னிரண்டு வருடம் ஒரு தண்ணீர் லேப்பில் உட்கார்ந்தே இருந்தவள், அதற்குப் பழி வாங்குவதுபோல இப்போதெல்லாம் நடந்துகொண்டே இருந்தாள். அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலை டீக்கடைக்கு மேலே அவள் நடத்தும் துப்பறியும் நிலையத்திலும் ஒரே ஒரு நாற்காலிதான். அதில் ஜேக்கப் உட்கார்ந்திருப்பான். உதவியாளன் என்று பலகையில் போட்டிருந்தது. ஓட்டுநர், எழுத்தர், வாயாடி ஆகிய மற்ற பதவிகளுக்குப் பலகையில் இடம் போதவில்லை.

வழக்கு இதுதான். பாப்பிரெட்டிப்பட்டி போகும் வழியில் பூவரசங்கொட்டாய் என்றொரு சிற்றூர். அதன் மேட்டில் 'பசும்பொழில் என்விரோ கேர்' கம்பெனியின் குப்பைக் கிடங்கு. சரிவில் நஞ்சப்பனின் நாலு ஏக்கர். ஒரு வருடமாக நஞ்சப்பனின் கிணற்றுத் தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்தில் நுரைக்கிறது. மரவள்ளி இலை ஓரமெல்லாம் கருகுகிறது. இரண்டு கன்றுக்குட்டிகள் செத்துவிட்டன. அவர் நாலு தடவை மனு கொடுத்தார். நாலு தடவையும் ஒரே பதில்: 'குப்பைக்கும் உங்கள் நிலத்துக்கும் நடுவே நிற்கிற மூன்றாம் எண் கண்காணிப்புக் கிணற்றில் தண்ணீர் சுத்தமாக இருப்பதால், உங்கள் கிணறு கெட்டதற்குக் குப்பை காரணமல்ல.'

இன்றைக்கு மாலை நாலு மணிக்கு மூன்றாம் கிணற்றில் மறுபடி மாதிரி எடுக்கிறார்கள். இதுவும் சுத்தம் என்று வந்துவிட்டால், அடுத்த வாரமே நஞ்சப்பனின் வேலியை ஒட்டி இரண்டாவது குப்பைக்குழிக்கு அனுமதி கிடைத்துவிடும். அப்புறம் அவர் மனு எழுதுவதற்குக் காகிதம் இருக்கும், நிலம் இருக்காது.

மணி பதினொன்று ஆகியிருந்தது.

"இதைப் பாருங்க," என்று வீரமணி ஒரு கண்ணாடித் தொட்டியைத் தட்டினார். உள்ளே ஆறு தங்கமீன்கள். மேலே பித்தளைத் தகடு: 'கிணறு எண் 3-இன் மீன்கள்'. "அந்தக் கிணத்துத் தண்ணியிலதான் வளருது. இதைவிட என்ன அத்தாட்சி வேணும்?"

ஜேக்கப் குனிந்து பார்த்தான். மீன்கள் கொழுகொழுவென்று இருந்தன. தொட்டிக்குக் கீழே ஒரு காலிக் குடிதண்ணீர் கேன். அதன் பக்கத்தில் திறக்காத இன்னொரு கேன்.

"மீனுக்கு ரொம்பத் தாகம் போலிருக்குது சார்," என்றான்.

வீரமணிக்குக் காது கேட்கவில்லை. பதவி உயர உயர அந்த நோய் வரும்.

கலைமதி சுவரோரம் நின்றாள். ஆய்வு முடிவுகளை வீரமணி தங்க நிறச் சட்டம் போட்டு, மாலை ஒன்றுதான் குறை என்கிற அளவுக்கு அலங்கரித்து மாட்டியிருந்தார். அவள் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கி ஓரிடத்தில் நின்றது.

"ஜேக்கப்பு, பல்லைக் காட்டு."

"இங்கயாக்கா?"

"காட்டுன்னா."

காட்டினான். வரிவரியாகப் பழுப்பும் மஞ்சளும் ஓடிய பற்கள். தர்மபுரி மாவட்டத்துக்காரன் என்பதற்கு ஜேக்கப்புக்கு வேறு அடையாள அட்டை தேவைப்பட்டதில்லை. பெங்களூரு போனாலும் சென்னை போனாலும் சிரித்த உடனே ஊரைச் சொல்லிவிடுவார்கள். போர்த் தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடு சின்ன வயதிலேயே பல்லில் எழுதிவிட்டுப் போன முகவரி அது.

கலைமதி அந்தப் பல்லையும் பார்த்தாள், சட்டத்தையும் பார்த்தாள். "ஃபுளோரைடு. ஒண்ணாம் கிணத்துல ரெண்டரை. ரெண்டாவதுல ரெண்டரைக்கு மேல. நாலாவதுலயும் அப்படியே. மூணாவதுல மட்டும் ஒண்ணுமே இல்லாத மாதிரி, புள்ளி ரெண்டு."

"பார்த்தீங்களா!" என்று வீரமணி மலர்ந்தார். "அதுலயும் மூணாவதுதான் ஃபர்ஸ்ட்!"

கலைமதி முதன்முறையாக அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள். "சாருக்கு எந்த ஊருங்க?"

"சென்னை. ஏன்?"

"பல்லைப் பார்த்தாலே தெரியுது," என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

வெளியே வெயில் தகித்தது. குப்பை மேட்டின் மேல் பருந்துகள் வட்டமிட்டன. ஜேக்கப் வண்டியைக் கிளப்புவதற்குள் கலைமதி பாதி தூரம் நடந்துவிட்டாள். பக்கத்தில் உருட்டிக்கொண்டே போனான்.

"புரியும்படியா சொல்லுங்கக்கா."

"இந்த ஊருப் பாறையில ஊறுற எந்தத் தண்ணியிலயும் ஃபுளோரைடு இருக்கும். உன் பல்லைக் கெடுக்காத போர் இந்தச் சுத்துவட்டாரத்துல கிடையாது. அதுக்காகத்தான் ஒகேனக்கல்ல இருந்து குழாய் போட்டு ஆத்துத்தண்ணி கொண்டாந்து விடறாங்க. புள்ளி ரெண்டுன்னா அது மண்ணுத்தண்ணி இல்ல. ஆத்துத்தண்ணி."

"அப்ப மூணாம் கிணத்துல காவேரி ஓடுதுங்கறீங்க. ஒரு பரிசல் வாங்கிப் போட்டுடலாமா?"

"யாரோ ஊத்தறாங்க."

"யாரோ என்ன யாரோ? உள்ள ஹெல்மெட் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரே, அவருதான்."

கலைமதி நடையை எட்டிப் போட்டாள். அது அவளுக்கு ஒப்பவில்லை என்று அர்த்தம். பத்தடி போனதும், "தப்பு பண்றவன் அதையே பிரேம் போட்டு மாட்டுவானா?" என்றாள்.

"இவரு மாட்டுவாருக்கா. மாட்டி, குத்துவிளக்கும் ஏத்துவாரு."

ஒன்றாம் எண் கிணறு கிடங்கின் மேற்குப் பக்கம் இருந்தது. கிணறு என்ற பெயர்தான் பெரிது. ஆள் உயரச் சிமென்ட் மேடையும் படிக்கட்டும் கட்டி, கைப்பிடிக்குப் பச்சை பெயின்ட் அடித்து, நடுவில் பார்த்தால் நாலு அங்குலக் குழாய் ஒன்று முழம் உயரம் எட்டிப்பார்த்தது. குழாய்க்குப் பக்கத்தில் குத்தவைத்து ஒருவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். லேப்பிலிருந்து மாதிரி எடுக்க வரும் பிலவேந்திரன். கழுத்தில் ஜெபமாலை, பக்கத்தில் ஐஸ் பெட்டி, சட்டைப்பையில் நாலு பேனா.

ஜேக்கப் சுற்றி வளைக்கவில்லை. "அண்ணே, வழியில பாட்டிலை மாத்திடறீங்களா?"

பிலவேந்திரன் பேனாவை மூடினார். "தம்பி, பத்தொம்பது வருசமா தண்ணி எடுக்கறேன். எடுக்கறப்ப ஒரு போட்டோ, மூடறப்ப ஒரு போட்டோ, சீல் வைக்கறப்ப ஒரு போட்டோ. எங் கல்யாணத்துக்குக்கூட இத்தினி போட்டோ எடுக்கல."

"கோவிச்சுக்காதீங்கண்ணா," என்றாள் கலைமதி. "அவன் பல்லு மாதிரியே நாக்கும். எழுதற நோட்டைக் கொஞ்சம் பாக்கலாங்களா?"

நீட்டினார். முத்து முத்தான கையெழுத்து. நாலு கிணறு, நாலு தடவை, தண்ணீர் எத்தனை அடி ஆழத்தில் நிற்கிறது என்ற விவரம். ஒன்று, இரண்டு, நாலாம் கிணறுகளில் எப்போதும் அறுபது அடிக்குக் கீழே. மூன்றாவதில் மட்டும் பன்னிரண்டு அடி. கோடையிலும் பன்னிரண்டு, மழையிலும் பன்னிரண்டு.

"சித்திரை வெயில்லயும் ததும்பி நிக்குது. உங்களுக்குச் சந்தேகம் வரலீங்களா?"

"எழுதறதுதாங்க என் வேலை. சந்தேகப்படறதுக்கு ஃபார்ம்ல கட்டம் இல்லீங்க."

"குழாய்க்குப் பூட்டு இருக்குதா?"

"இரட்டைப் பூட்டுப் பாதுகாப்புன்னு படம் போட்டுக் காட்டியிருப்பாரே? மொத மழையிலயே ரெண்டும் துருவேறிப் போச்சு. இப்ப கட்டுக்கம்பி சுத்தியிருக்குது."

கலைமதி நோட்டை மூடவில்லை. "தண்ணி எடுக்கறதுக்கு முன்னாடி, குழாய்ல நிக்கிற பழைய தண்ணிய இறைச்சுக் கொட்டிட்டு, புதுசா ஊறுறதைத்தானே எடுக்கணும்?"

பிலவேந்திரனின் முகத்தில் பத்தொன்பது வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வியைக் கேட்டுவிட்ட பரவசம். "விதிப் புத்தகத்துல பதினாலாம் பக்கம்! அப்படித்தாங்க போட்டிருக்குது. மேலாளர்தான் வேணாம்னுட்டாரு. தண்ணிய வீணாக்கக் கூடாதாம். கம்பெனிக்கு நீர் சிக்கன விருது வரப்போவுதாம்."

"விருதுக்காகக் கிணத்து வாயைப் பொத்திட்டாரு," என்றான் ஜேக்கப்.

"நாலாவதை முடிச்சிட்டு மூணாவதுக்குச் சீக்கிரம் வந்துடுங்க. உங்க வாளிக்குழாயும் கயிறும் வேணும்," என்று சொல்லிவிட்டு கலைமதி அதற்குள் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் எண் கிணற்றுக்கு மற்ற மூன்றைவிடக் கூடுதல் மரியாதை செய்திருந்தார்கள். கைப்பிடிக்குத் தங்க நிறம். பஸ் போகும் சாலைக்குத் தெரியும்படி ஆளுயரப் பலகை: 'கிணறு எண் 3 (நஞ்சப்பன் நிலம் அருகில்). நீரின் தரம்: மிக நன்று.' கீழே நாலு முறையின் தேதிகளும் எண்களும்.

ஜேக்கப் கட்டுக்கம்பியைப் பிரித்தான். புதிதாக முறுக்கிய கம்பி, சுலபமாக வந்தது. குழாய்க்குள் ஒரு கல்லைப் போட்டான். போட்ட கை மேலே வருவதற்குள் 'களுக்' என்றது.

கலைமதி மேடையில் மண்டியிட்டு எதையோ தடவினாள். சிமென்ட்டில் வட்டமாக ஒரு உப்புத் தடம், அதன்மேல் இன்னொரு வட்டம், இன்னொன்று. வட்டத்தின் ஓரத்தில் இன்னும் ஈரம்.

"குடம் வெச்ச தடம்," என்றாள். "இன்னிக்கு விடிகாலையில வெச்சது."

ஜேக்கப் மேடைக்குப் பின்னால் புல்லில் கிடந்ததைக் காலால் புரட்டினான். தலையில் குடம் தூக்குபவர்கள் வைத்துக்கொள்ளும் சும்மாடு. பழைய சேலைத் துணி. ஊதாவில் மஞ்சள் மாங்காய்.

"சிக்கினாருடா மேலாளர்!" என்றான்.

"வீரமணியா? ஹெல்மெட்டுக்கு மேல சும்மாடு வெச்சு, அதுக்கு மேல குடத்தை வெச்சு, விடிகாலையில நடந்து வந்தாரா?"

அந்தக் காட்சி ஜேக்கப்புக்கு மிகவும் பிடித்திருந்தது. அதனாலேயே அதை விட்டுவிட மனம் வரவில்லை. "ஆள் வெச்சிருப்பாரு."

"கம்பெனிக்காரன்னா டேங்கர்ல கொண்டாந்து ஊத்துவான். தலையில சுமக்க மாட்டான்." அவள் சும்மாட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். பார்வை சரிவுக்குக் கீழே நஞ்சப்பனின் வீட்டுப் பக்கம் போயிருந்தது. "காலையில நஞ்சப்பன் வூட்ல என்ன குடிச்சே?"

"ஒண்ணும் குடிக்கல. அதான் அப்போ இருந்து தொண்டை காயுது. வாசலுக்கு வந்தவன்கிட்ட மொத தண்ணிய நீட்டிட்டுத்தான் பேரே கேப்பாங்க நம்ம ஜில்லாவுல. அவரு சம்சாரம் என்னடான்னா, 'ஊரு பேரு கெட்டுப்போவும், இந்த விசாரணையெல்லாம் எதுக்குங்க'ன்னு வாசல்லயே நிறுத்திடுச்சு."

"குழாய்ல ஆத்துத்தண்ணி எப்ப வந்துச்சுன்னு நஞ்சப்பன் சொன்னாரு?"

"நேத்து சாயங்காலம். நாலு நாளைக்கு ஒருவாட்டிதான் வருமாம்."

"வாசல்ல குடமெல்லாம் எப்படி இருந்துச்சு?"

ஜேக்கப் யோசித்தான். வரிசையாகப் பத்துக் குடம். நீலம், பச்சை, சிவப்பு. பத்தும் கவிழ்த்துவைத்திருந்தது.

நேற்றுச் சாயங்காலம் தண்ணீர் பிடித்த வீட்டில் இன்று காலை பத்துக் குடமும் காலி.

நஞ்சப்பன் மாட்டுக்கொட்டகை முன்னால் மஞ்சப்பையோடு உட்கார்ந்திருந்தார். பையில் நாலு மனுக்களின் நகல்கள். அவருடைய மனைவி குள்ளம்மாள் வாசலில் புளியை உடைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கம்மா! புடிச்சிட்டீங்களா அந்தக் கம்பெனிக்காரனை?" என்று எழுந்தார் நஞ்சப்பன்.

கலைமதி குள்ளம்மாளுக்கு எதிரே குனிந்து சும்மாட்டைப் புளிமுறத்தின் பக்கத்தில் வைத்தாள். "அக்கா, இது உங்களுதுங்களா?"

நஞ்சப்பன்தான் முந்திக்கொண்டார். "அட, நம்ம கன்னுக்குட்டிக் கொட்டாய்க்குத் தடுப்பு கட்டுன சீலையாச்சே? இது எங்க கெடந்துச்சு?"

கொட்டகையில் ஊதாவில் மஞ்சள் மாங்காய் காற்றில் ஆடியது. அதன் ஒரு ஓரம் கிழிந்திருந்தது. உள்ளே கன்றுக்குட்டி இல்லை.

குள்ளம்மாள் இரண்டு கொட்டையை எடுத்துப் போட்டாள். மூன்றாவதை எடுக்கவில்லை.

"நான்தாங்க ஊத்துனேன்," என்றாள்.

நஞ்சப்பன் அவள் பக்கம் திரும்பினார். "எதை ஊத்துனே?"

"பத்துக் குடம். அந்தக் குழாய்ல. தண்ணி எடுக்க வர்ற தேதிய மூணு நாள் முந்தியே ரேஷன் கடையில ஒட்டிடறாங்களே, வெளிப்படைன்னு. அன்னிக்கு வெள்ளெனவே எழுந்து போயி ஊத்திட்டு வந்துருவேன்."

"நாலு வாட்டி மனு எழுதிக் குடுத்தேன்டி!"

"நாலு வாட்டியும் நான் ஊத்துனேன். இன்னியோட அஞ்சு."

மஞ்சப்பை நஞ்சப்பனின் கையிலிருந்து நழுவியது. குள்ளம்மாள் அவரைப் பார்க்கவில்லை, கலைமதியைப் பார்த்துப் பேசினாள். "எங்க மக பிரியதர்ஷினியப் போன வருசம் பொண்ணு பாக்க வந்தாங்க பாருங்க, கர்நாடக எல்லையோரத்துக்காரங்க. இந்த ஜில்லாவுல பொண்ணெடுக்க வர்றவங்க மொத பல்லைப் பாப்பாங்க, அப்புறம் கெணத்தைப் பாப்பாங்க. பஸ்ஸை விட்டு எறங்குன எடத்துலயே அந்தப் பலகை, டெஸ்டு எடுக்கறதுக்கு முந்தியே 'மிக நன்று'ன்னு. எங்க வூட்டுக்காரர் பேரைப் போட்டு. பத்து நிமிசம் நின்னு படிச்சாங்க. 'தண்ணி நல்லாருக்குதாங்க?'ன்னு கேட்டாங்க. 'பலகையிலயே போட்டிருக்குதுங்களே'ன்னேன். அப்புறம் அதுல எப்படிங்க மாத்தி எழுத வுடறது? எங்க பேரை எழுதி, பக்கத்துல கெட்ட தண்ணின்னு எழுதுனா, ஆகாத குடும்பம்னு எழுதுன மாதிரி இல்லீங்களா?"

"புதுக்குழி தோண்டப் போறாங்கன்னு தெரியாதாக்கா?" என்று கேட்டான் ஜேக்கப்.

"சத்தியமா தெரியாதுங்க. இவரு கத்தறாரு, மனு எழுதறாரு, அது பாட்டுக்கு நடக்கும்னு நெனச்சேன். தண்ணிக்கும் குழிக்கும் முடிச்சு இருக்குதுன்னு யாரு சொன்னாங்க எனக்கு?" அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இப்பச் சொன்னா சம்பந்தம் போவும். சொல்லாட்டி நெலம் போவும். நீங்களே ஒண்ணு சொல்லுங்க."

கலைமதி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "தீர்ப்பு சொல்ல நான் வரலைக்கா. மணி ஒண்ணரை. நாலு மணிக்கு அந்தப் பாட்டில் நிறையணும். அதுல எந்தத் தண்ணி நிறையணும்னு நீங்கதான் சொல்லணும்."

குள்ளம்மாள் வாசலில் கவிழ்ந்திருந்த குடங்களைப் பார்த்தாள். பிறகு கன்றில்லாத கொட்டகையை. முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"ஊத்துன கையே இறைக்கட்டும்," என்றாள்.

பிலவேந்திரனின் வாளிக்குழாய் கை நீளம்தான். ஒரு தடவைக்கு ஒன்றரை லிட்டர் வரும். கயிற்றில் இறக்கி, மேலே இழுத்து, கொட்டி, மறுபடி இறக்க வேண்டும். குள்ளம்மாள் இழுத்தாள். பிலவேந்திரன் பதினாலாம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எண்ணி எழுதினார். நஞ்சப்பன் தள்ளி வேப்பமரத்தடியில் முதுகைக் காட்டி நின்றார்.

முப்பதாவது வாளி கண்ணாடிபோல் இருந்தது. ஐம்பதாவதும் அப்படியே. கலைமதி மேடையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அறுபத்து மூன்றாவதை இழுக்கும்போது கயிறு குள்ளம்மாளின் உள்ளங்கைத் தோலை உரித்தது. சத்தம் போடாமல் இழுத்தாள். வேப்பமரத்தடியிலிருந்து நஞ்சப்பன் விடுவிடுவென்று வந்து, "தள்ளு," என்று கயிற்றைப் பிடுங்கிக்கொண்டார்.  அவள் நகர்ந்து நின்றாள், தூரமாக அல்ல.

எழுபத்தைந்தில் லேசாக மஞ்சள் தட்டியது. தொண்ணூறில் பழுப்பு. ஜேக்கப்பின் முறை வந்தபோது நூற்றுப் பத்து. வாளி மேலே வரும்போதே நாற்றம் முன்னால் வந்தது. அழுகிய முட்டைக்கோசும் பழைய பாட்டரியும் சேர்ந்த நாற்றம். கொட்டினால் நுரைத்தது. நஞ்சப்பனின் கிணற்றில் நுரைக்கிற அதே நுரை.

"தண்ணி மட்டம் அறுபத்தொரு அடி," என்று பிலவேந்திரன் அளந்து எழுதினார். "இப்பத்தாங்க இது நாலு கிணத்துல ஒண்ணு."

மணி மூன்று ஐம்பத்தெட்டு. பாட்டில் நிறைந்தது.

மாதிரியில் சீல் வைத்தபின் மேலாளர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. டிகாக்‌ஷன் நிறப் பாட்டில் மேசைமேல் வந்து உட்கார்ந்ததும் வீரமணி நாற்காலியை ஒரு சாண் பின்னுக்குத் தள்ளினார்.

"இது எங்க கிணத்துத் தண்ணியே இல்ல. இறைக்க உங்களுக்கு யாரு பர்மிஷன் கொடுத்தது?"

"பதினாலாம் பக்கம் சார்," என்றார் பிலவேந்திரன்.

"நூத்து அறுபது லிட்டருக்கு மேல வேஸ்ட் பண்ணியிருக்கீங்க! விருது என்னாகறது? எங்க கிணறு சுத்தம். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

கலைமதி வாக்குவாதம் செய்யவில்லை. சீல் வைக்காத மிச்சத் தண்ணீர் இருந்த பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள். அறைக்குள் அந்த நாற்றம் பரவியது. மீன்தொட்டியின் மேல்பலகையை நகர்த்தினாள்.

"நாம எதுக்குங்க சண்டை போட்டுக்கணும்? மூணாம் கிணத்து மீனுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அதுங்களுக்குத் தெரியாதா அதுங்க தண்ணி?" பாட்டிலைச் சாய்த்தாள்.

"ஊத்தாதீங்க!" வீரமணி பாய்ந்து தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வேகத்தில் ஹெல்மெட் கழன்று விழுந்து உருண்டது. அன்றைக்கு அது செய்த ஒரே வேலை அதுதான். "ஊத்தாதீங்க மேடம், செத்துடும்!"

பாட்டில் நிமிர்ந்தது. ஒரு சொட்டும் விழவில்லை. பிலவேந்திரனின் பேனா ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"என்னய்யா எழுதறே?"

"மேலாளர் கருத்துன்னு ஒரு கட்டம் இருக்குதுங்க. நாலு வாட்டியும் காலியா வுட்டிருந்தீங்க. 'செத்துடும்'னு போட்டிருக்கேன். கீழ கையெழுத்துப் போட்டுடுங்க."

வீரமணி ஆறு மீன்களையும் பார்த்தார், வாசலில் நின்ற நஞ்சப்பனையும் குள்ளம்மாளையும் பார்த்தார். "நான் நிஜமாவே சுத்தம்னுதான் நம்பினேன்," என்றார். 

"நம்புனீங்க சரி. மீனுக்கு ஏன் கேன் தண்ணி?" என்று கேட்டான் ஜேக்கப்.

அதற்குப் படம் எதுவும் அவரிடம் தயாராக இல்லை. கையெழுத்துப் போட்டார்.

பிலவேந்திரன் ஐஸ் பெட்டியை மூடிய பிறகுதான் குள்ளம்மாள் வாயைத் திறந்தாள். "தம்பி, இந்தப் போனைக் கொஞ்சம் போட்டுக் குடு. கை எரியுது, புடிக்க முடியல. மாப்ள வூட்டுக்கு. அவங்க பலகையைப் பாத்துத் தெரிஞ்சுக்க வேணாம். நானே சொல்லிடறேன்."

"இப்பவேவா?" என்றார் நஞ்சப்பன். மத்தியானம் இருந்த கோபம் அதில் இல்லை, பயம்தான் இருந்தது.

ஜேக்கப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, அவள் முகத்துக்கு நேரே பிடித்தான். மாப்பிள்ளையின் அம்மா எடுத்தாள்.

"அக்கா, நான் குள்ளம்மா பேசறேங்க. பலகையில போட்டிருந்தது பொய்யிங்க. எங்க கெணறு கெட்டு ஒரு வருசமாச்சு. நான்தான் நல்ல தண்ணிய ஊத்தி மறைச்சேன். எங்க தண்ணிதாங்க கெட்டது, பொண்ணு கெடல. இனி நீங்க சொல்றதுதான்."

 ஏ.சி. மட்டும் உறுமியது. அப்போதுதான் ஜேக்கப் ஒன்றைக் கவனித்தான்: கலைமதி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஹவுதா, அப்படியா?" என்று கன்னடமும் தமிழுமாக ஒரு பெருமூச்சு கேட்டது. "அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. எங்க ஏரிக்குப் பக்கத்துல சாயப்பட்டறை வந்து மூணு வருசமாச்சு. வூட்டு போர்ல செவப்பாத்தான் வருது. நீங்க வந்தப்ப குடுத்தமே காபி, அது கேன் தண்ணியில போட்டது. எங்க நீங்க தண்ணியப் பத்திக் கேட்டுருவீங்களோன்னுதான் நாங்க முந்திக் கேட்டுக்கிட்டோம்."

குள்ளம்மாள் கணவரைப் பார்த்தாள். நஞ்சப்பன் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய கைக்குள்ளிருந்து முதலில் இருமல் மாதிரி வந்தது, பிறகு சிரிப்பு.

"அப்ப தேதி குறிச்சுடலாங்களா?" என்று கேட்டது போன்.

"குறிச்சுடுங்க. வர்றப்ப ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணி கொண்டாந்துடுங்க. எங்க வூட்ல நாலு நாளைக்குச் சொட்டுத் தண்ணி இல்ல. எல்லாத்தையும் குழாய்ல ஊத்திட்டேன்."

கலைமதி எழுந்தாள். வாசலைத் தாண்டி நடக்கவும் தொடங்கிவிட்டாள். ஜேக்கப் பின்னால் போகவில்லை. மீன்தொட்டிக்குக் கீழே குனிந்து, திறக்காத அந்தக் கேனைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டான். குள்ளம்மாளின் முறத்தருகிலிருந்து எடுத்து வந்த சும்மாடு அவன் கையில் இருந்தது, வசதியாகப் போயிற்று.

"ஏய்! அது என் குடிதண்ணிப்பா!" என்றார் வீரமணி.

ஜேக்கப் திரும்பி, முகவரி முழுவதும் தெரியும்படி பல்லைக் காட்டினான்.

"உங்களுக்கென்ன சார் குறை? மூணாம் கிணறு இருக்குது."